உறைந்துபோன வம்சத்துக்கு ஒரு வெந்நீர்ப் பை

முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கொடைக்கானல் குளிரில் என் விந்து உறைந்துபோய்விட்டது என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு நாள் தோன்றி மறைந்த சந்தேகம் இல்லை. வேதத்தை நம்புவதுபோல நம்பினேன். உள்ளே எல்லாம் கட்டிப்பட்டுக் கிடக்கிறது, பதமாகச் சூடு காட்டினால் இளகிவிடும், பிறகு பிள்ளை பிறந்துவிடும் என்பது என் கணக்கு.

இதைப் படிக்கும் மலைக்காரர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நான் கன்னிவாடிக்காரன். எங்கள் ஊரில் சித்திரை வெயில் அடித்தால் ஆடு மாடுகூட நிழலை விட்டு நகராது. அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவன் முதலில் கண்ட அதிசயம் என் தேங்காய் எண்ணெய் பாட்டில். ராத்திரி எண்ணெயாகத்தான் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளைக் கல். அடுப்போரம் வைத்தால் இளகியது. ஒரு பாட்டில் எண்ணெய்க்கு நடப்பது ஒரு மனிதனுக்கு நடக்காதா என்ன?

இன்னொரு சாட்சியும் இருந்தது. கன்னிவாடியிலேயே தங்கிவிட்ட என் அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். தம்பிக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் இரட்டைப் பிள்ளை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ரத்தம். எங்களுக்குள் வித்தியாசம் ஏழாயிரம் அடி உயரம் மட்டும்தான். அப்படியானால் கொடைக்கானலில் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர்கள் குளிருக்கே பிறந்தவர்கள், உறையாத சரக்கு. நான் வெயில் சரக்கு.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் விடுதியில் எனக்கு ஸ்டோர் பொறுப்பு. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் அளந்து சமையல்கட்டுக்குக் கொடுக்க வேண்டும். என் மனைவி அதே பள்ளியில் டீச்சர். கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவள். ஜனவரிப் பனியில் வெறுங்காலோடு குழாயடிக்குப் போய் முகம் கழுவி வருவாள். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாலே எனக்குத் தும்மல் வரும்.

விடுதி பாய்லரிலிருந்து குளியலறைகளுக்குப் போகிற வெந்நீர்க் குழாய் என் ஸ்டோர் ரூமுக்குள் தரையோரமாகப் போகும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அந்தக் குழாயின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதையே ஆசனமாக்கிக்கொண்டேன். சொகுசு என்றால் அப்படி ஒரு சொகுசு. கொடைக்கானலிலேயே சூடான இருக்கை என்னுடையதுதான் என்று பெருமையடித்துக்கொள்வேன். இந்தப் பலகையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு டாக்டர் இதைப் பற்றி விசாரிக்கப்போகிறார்.

கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. வழக்கப்படி எல்லோரும் என் மனைவியைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் கன்னிவாடிக்குப் போகும்போதெல்லாம் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

"வாம்மா டீச்சரு. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பாடஞ் சொல்லிக் குடுக்குற. வீட்டுப்பாடத்தை மட்டும் இன்னும் முடிக்கலையே."

மதினி கெட்டவள் இல்லை. வாய் அப்படி. என் மனைவி சிரித்துக்கொண்டே பையைக் கொண்டுபோய் உள்ளே வைப்பாள். அன்று முழுவதும் அவள் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். யார் யாரோ சொன்ன கஷாயத்தையெல்லாம் குடித்தாள். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டாள். கடைசியில் மதுரையில் ஒரு லேடி டாக்டரிடம் போய் எல்லாச் சோதனைகளையும் செய்துகொண்டாள். நானும் கூடப் போனேன். சோதனை நடந்த நேரமெல்லாம் எதிரே இருந்த டீக்கடையில் மிகவும் கவலையோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னது இதுதான்: "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. பக்கத்துலயே ஆம்பளைங்களுக்குன்னு ஒரு டாக்டர் இருக்கார்."

அன்றிலிருந்து எனக்கு வேலை எக்கச்சக்கமாகிவிட்டது. ஒரு மாதம் உருளைக்கிழங்கு லாரி வர வேண்டியிருந்தது. ஒரு மாதம் சீசன் கூட்டம், பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஒரு மாதம் எலித்தொல்லை; எலிக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உண்மையில் எனக்குப் பயம். நான் ஊரெல்லாம் கேலி பேசிப் பிழைக்கிறவன். ஒரு வெள்ளைக் கோட்டு "குறை உங்களிடம்தான்" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எந்த வாயை வைத்துக்கொண்டு கேலி பேசுவது?

இந்த நிலைமையில்தான் மாடு சினைக்குக் கத்தியது.

விடுதிக்குப் பாலுக்காகப் பள்ளிக்கூடமே சில பசுக்களை வைத்திருந்தது. அவற்றில் ஒரு கலப்பினப் பசு அன்று விடிந்ததிலிருந்து ஓயாமல் கத்தியது. சினை ஊசி போடக் கால்நடை ஆஸ்பத்திரியின் ஆய்வாளருக்குச் சொல்லியனுப்பினோம். மாட்டு டாக்டர் என்றுதான் ஊரில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். திண்டுக்கல்காரர், எனக்குச் சிநேகிதர். மோட்டார் சைக்கிளின் பின்னால் பால் கேன் மாதிரி ஒரு அலுமினிய கேனைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எப்ப இருந்து கத்துது?"

"வெள்ளனே இருந்து கத்திக்கிட்டுத்தான் கெடக்கு டாக்டரே. பக்கத்து வகுப்புல பாடம் நடத்த முடியலன்னு புகார் வந்துருச்சு."

"சரி, ஒரு டம்ளர்ல வெதுவெதுன்னு தண்ணி கொண்டாங்க. வெரசா."

"மாடு குடிக்கிறதுக்கா?"

"மாடு டம்ளர்லயா குடிக்கும்? கொண்டாங்க, சொல்றேன்."

கொண்டுபோனேன். அவர் கேனின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கியது. கோயிலில் தூபம் மேலே போகும். இந்தப் புகை கீழே போனது. நான் அனிச்சையாகச் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் இடுக்கியை விட்டு பேனா ரீஃபிள் போல மெல்லிசாக ஒரு குழலை எடுத்து, என் டம்ளர் தண்ணீருக்குள் போட்டார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"காளை."

"இந்த ரீஃபிளுக்குள்ளயா?"

"நீலகிரிப் பக்கம் நிக்கிற ஜெர்சி காளைங்க. இப்ப நிக்குதோ, செத்தே போச்சோ, அது எனக்குத் தெரியாது. அதோட விந்து மட்டும் இதுக்குள்ள தூங்குது. இந்தக் கேன்ல இருக்கிற நைட்ரஜன் குளிர்ல எத்தனை வருஷம் வேணாலும் தூங்கும். வெதுவெதுப்புல போட்டாப் போதும், முழிச்சுக்கும்."

தூங்குது. வெதுவெதுப்பில் முழிச்சுக்கும். அவர் அதற்குமேல் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. மாடு கத்துவதும் ஏறவில்லை. எனக்குள் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூட மணி அடித்தும் எழுந்திருக்காத விடுதிப் பிள்ளைகளைப்போல லட்சக்கணக்கான பேர் படுத்துக் கிடப்பது கண்முன்னே தெரிந்தது. அத்தனை பேரும் என் ஜாடை.

அவர் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவும்போது, நைசாகக் கேட்டேன்.

"அது எப்படி டாக்டரே குளிர்ல சாகாம இருக்கு?"

"சும்மா வச்சா செத்துரும். முட்டை மஞ்சக்கருவும் கிளிசரினும் கலந்துதான் உறைய வைக்கிறாங்க. அது காவல் மாதிரி."

"மனுஷனுக்கும் இப்படி..."

"வெளிநாட்டுல செய்யிறாங்களாம். ட்ரெயினிங்ல சொன்னாங்க. புத்துநோய்க்குக் கரண்டு வைக்கப் போறவன், முன்கூட்டியே எடுத்து வச்சுட்டுப் போவானாம். குணமாகி வந்து பிள்ளை பெத்துக்குவானாம்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, உங்களுக்கு என்னத்துக்கு இந்தச் சோலி?"

"பொது அறிவுக்கு."

பொது அறிவோடு நேராகச் சமையல்கட்டுக்குப் போய் இரண்டு முட்டைகளை அவிக்கச் சொல்லி, மஞ்சள் கருவை மட்டும் தின்றேன். ஏற்கனவே உறைந்தவர்கள் உறைந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களையாவது காவல் காக்க வேண்டுமே.

கிளிசரினுக்கு அலையத் தேவையில்லை. பனிக்காலத்தில் உதடும் குதிகாலும் வெடிப்பதால் மலையில் கிளிசரின் பாட்டில் இல்லாத வீடு கிடையாது. என் மனைவியின் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து டீயில் கலந்து குடித்துப் பார்த்தேன். இனித்தது. நல்லதுக்கு அடையாளம் என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். கிளிசரினுக்குப் பேதி குணம் உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அன்று மூடுபனி வேறு. வாளியோடு நான் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று நினைத்து, "மழைக்காலத்துல எதுக்குங்க இம்புட்டுத் தண்ணி?" என்று கேட்டார்.

காவல் திட்டத்தைக் கைவிட்டுச் சூட்டுத் திட்டத்தில் இறங்கினேன். பஜாரில் ஒரு மருந்துக் கடையில் சிவப்பு ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கினேன். முதுகுவலி என்று சொன்னேன். முதுகில் மட்டும் அதை ஒருநாளும் வைத்ததில்லை. ஸ்டோரில் குழாய்ப் பலகைமேல் உட்கார்ந்தால் மடியில் பை. வீட்டுக்கு வந்தால் பை. படுத்தாலும் பை. குளிப்பது கொதிக்கக் கொதிக்க. அதுவும் போதாதென்று நாற்காலிக்கு அடியில் கரி போட்ட கணப்புச் சட்டி ஒன்றை வைத்துக்கொண்டேன்.

எங்கள் விடுதிச் சமையல்காரர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். மரியாதைக்காரர். ஒருநாள் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார்.

"ஐயா, என்னமோ கருகுற வாசம் வருதுங்களே. சட்டியில ஏதும் வச்சிருக்கீங்களா?"

"சட்டியில ஒண்ணும் இல்லையே."

"அப்ப உங்க வேட்டிதாங்க."

வேட்டிதான். ஒரு கையகலத்துக்கு ஓட்டை. அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அணைந்தது. ஆனால் தண்ணீர் பச்சைத் தண்ணீர். அத்தனை மாத உழைப்பும் ஒரே செம்பில் உறைந்துபோயிற்றே என்று நான் கலங்கியது அவருக்கு எப்படிப் புரியும்?

இப்படியே ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. மலையில் அடுத்த பனிக்காலம் இறங்கும்போது ஒரு புது யோசனை தோன்றியது. ஆட்டுக்குக் கம்பளி இருக்கிறது. எங்கே பார்த்தாலும் குட்டி போடுகிறது. என் மனைவி பிள்ளைகளுக்குப் பின்னல் வகுப்பு எடுப்பவள். அவளிடம் போய், இடுப்புக்குள் குளிர் ஏறுகிறது, கம்பளியில் ஒரு ஜட்டி பின்னிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"கம்பளியிலயா? குத்துமேங்க."

"குத்தட்டும்."

சிரித்துக்கொண்டே அளவு எடுத்தாள். வீட்டில் மஞ்சள் நிறக் கம்பளி நூல்தான் மிச்சம் இருந்தது. நல்ல கோழிக்குஞ்சு மஞ்சள். வேலை நெருக்கடியில் வீட்டில் பின்ன நேரமில்லாமல், இடைவேளையில் பின்னலாம் என்று டீச்சர்கள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அவளே சொன்னாள். சொல்ல ஆரம்பிக்கும்போது அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் நூலில், பாதி பின்னிய நிலையில், இரண்டு கால் ஓட்டையோடு ஒன்று அவள் மடியில் இருந்ததை முதலில் ஒரு டீச்சர் பார்த்திருக்கிறார். அவர் இன்னொருவரைக் கிள்ள, அவர் ஓடிப்போய்த் தலைமையாசிரியை அம்மாவையே கூட்டி வந்துவிட்டார்.

"அந்தம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. 'இத்தனை நாளா எங்ககிட்ட மறைச்சியே'ங்குறாங்க. ஒரு டீச்சர் ஜெபமே பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. நான் இல்ல இல்லங்குறேன், வெக்கப்படுறேன்னு நெனைக்கிறாங்க. எத்தனாவது மாசம்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரருக்குன்னு சொன்னேன்."

இந்த இடத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த டீச்சர் "ஆமென்" சொல்லாமல் பாதியில் நிறுத்தியதை அவள் நடித்துக் காட்டினாள். அப்புறம் செருப்பைக் கழற்றுவதற்காகக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாரும் கையைப் பிடிச்சு வாழ்த்துனாங்கல்ல. ஒரு நிமிஷம் இல்லன்னு சொல்ல எனக்கு மனசே வரலைங்க. ஒரே ஒரு நிமிஷம், ஆமான்னு சொல்லிருவோமான்னு இருந்துச்சு."

நான் குனிந்து அவளுடைய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"என்னைய எல்லாரும் சோதிச்சு முடிச்சாச்சு," என்றாள். "கஷாயம் குடிச்சாச்சு, உங்க மதினி வாயில விழுந்து எந்திரிச்சாச்சு. உங்கள ஒரே ஒரு டாக்டர் பாத்தா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?"

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் பாட்டில், காளை, ரீஃபிள், டம்ளர், வெந்நீர்ப் பை, அவளுடைய கிளிசரின் குறைந்துபோன மர்மம், எல்லாம். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டாள்.

"உறைஞ்சு போச்சா?"

"ஆமா. தேங்காயெண்ணெய் மாதிரி."

"சரி. டாக்டர்கிட்டயே ஒரு டம்ளர் வெந்நீ கேட்டு வாங்கிக்கிருவோம். நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு. கெளம்புங்க."

கிளம்பினேன். ஆனால் நான் விவரமானவன் ஆயிற்றே. சோதனைக்குப் போகிற அன்றைக்காவது எல்லோரும் முழித்திருக்க வேண்டாமா? வெந்நீர்ப் பையில் கொதிநீர் நிரப்பி, ஸ்வெட்டருக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அது மதுவிலக்கு நடந்த காலம். மலையில் காய்ச்சிய சாராயம் லாரி ட்யூபிலும் ரப்பர் பையிலும் அடைபட்டுக் கீழே இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று மறந்துபோயிற்று. அடிவாரச் சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்குள் ஏறிய போலீஸ்காரர் நேராக என்னிடம் வந்து, கம்பால் என் வயிற்றை ஒரு குத்து குத்தினார். வயிறு தளும்பியது.

"மடியில என்னய்யா?"

"வெந்நீருங்க."

"எங்க போற?"

"மதுரைக்குங்க."

"மதுரைக்கு வெந்நீ கொண்டு போறியா?" வெளியே நின்ற தன் சகாவைக் கூப்பிட்டார். "ஏலே, இங்க வந்து பாரு. மதுரையில வெயிலு பத்தலைன்னு ஒருத்தன் வெந்நீ கொண்டு போறான்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. இறக்கிவிட்டார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார் ஒருவர். கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார் இன்னொருவர். முகத்தைச் சுளித்தார்.

"வெந்நீதான்யா. எதுக்கு இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பஸ் ஜன்னலிலிருந்து சொன்னாள்: "அவருக்கு உள்ளுக்குள்ள உறைஞ்சு போச்சாம் சார். மதுரைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கம்பைக் கீழே இறக்கினார். குரலே மாறிவிட்டது. "பாவம். மதுரையில இதுக்கெல்லாம் நல்ல ஆஸ்பத்திரி இருக்கு தாயி. வழியில எறங்கி ஓடிராமப் பாத்துக்க." என்னைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டாம் என்று எச்சரித்துவிட்டும் போனார். மதுரை வரை என் மனைவியைத் தவிர என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சௌகரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து ஒரு சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். அந்த அறையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "ஆச்சா சார்?", "ஆச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த கம்பவுண்டர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பாட்டிலைக் குளிர் படாமல் அக்குளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்படித்தான் கொண்டுவர வேண்டும் என்று பாராட்டினார். இந்தக் கதையில் சூடு சம்பந்தமாக நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

டாக்டர் வயதானவர். எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"அணுக்கள் ரொம்பக் கம்மியா இருக்கு. இருக்கிறதும் சுறுசுறுப்பா இல்ல."

"தூங்குதுங்களா?" என்று கேட்டேன்.

"என்ன வேலை பாக்குறீங்க? பேக்கரியா? இரும்புப் பட்டறையா? லாரி ஓட்டுறீங்களா?"

"இல்லீங்க. கொடைக்கானல்ல ஸ்டோர்."

"கொடைக்கானலா?" பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப சூட்டுல வேலையில்லையே. எதனால இருக்கும்?"

என் மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. குழாய்ப் பலகையில் ஆரம்பித்தாள். கொதிக்கக் கொதிக்கக் குளியல், வெந்நீர்ப் பை, கணப்புச் சட்டி, கருகிய வேட்டி, மஞ்சள் கம்பளி என்று ஒன்று விடாமல் வரிசையாக ஒப்பித்தாள். வகுப்பில் தப்பு செய்த பையனைப் பற்றித் தகப்பனிடம் சொல்வதுபோல இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பலகையைப் பற்றித் தனியாக விசாரித்தார்.

"எத்தனை வருஷமா அதுமேல உக்காருறீங்க?"

"வேலைக்குச் சேந்த நாள்ல இருந்துங்க."

"குளிருக்கு அது உறைஞ்சு போகும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"மாடு... மாட்டு டாக்டருங்க." கேன், ரீஃபிள், காளை என்று அந்தக் கதையையும் சொன்னேன்.

"அய்யா, உசுரோட இருக்கிற வரைக்கும் உங்க உடம்புச் சூடு உங்களோட இருக்கும். உங்க ஊருக் குளிரு தோலைத் தாண்டாது. அது உறையணும்னா நீங்களே அந்த நைட்ரஜன் கேனுக்குள்ள எறங்கி உக்காரணும். ஆண்டவன் அதை எதுக்கு வெளிய தொங்க விட்டிருக்கான்? உள்ள இருக்கிற சூடு அதுக்கு ஆகாதுன்னுதான். உங்க காளைக்கும் அப்படித்தான தொங்குது? நீங்க என்னடான்னா இட்லி மாதிரி அவிச்சு வச்சிருக்கீங்க."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"செத்துப் போச்சுங்களா?"

"புதுசா ஊறும். சூட்டையெல்லாம் நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும் டாக்டர்? நான் அவிக்கிறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நீங்க வரலையே," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எழுந்திருக்கும்போது, வெளிநாட்டில் செய்வதுபோல எதற்கும் கொஞ்சம் எடுத்து உறைய வைத்துவிடலாமா என்று கேட்டுவிட்டேன்.

"இங்க அதுக்கு வசதி கெடையாது," என்றார். "இருந்தாலும், உறைய வைக்கிறதுக்கு மொதல்ல உசுரோட ஏதாவது வேணும்ல?"

திரும்பும் வழியில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் என் மனைவி வெந்நீர்ப் பையைக் காலி செய்தாள். அன்றிலிருந்து அது அவளுடைய முதுகுக்குப் போயிற்று. பலகையை அடுப்பில் வைத்தார் சமையல்காரர். என் நாற்காலி வடக்கு ஜன்னலுக்கு இடம் மாறியது. அந்தப் பனிக்காலம் முழுவதும் நான் வெறும் வேட்டியோடு, காற்றோட்டமாக, பல் கிட்டித்துக்கொண்டு நடமாடினேன். வட்டக்கானல் பக்கம் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரர் என்னைத் தவமிருக்கும் சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டார். நானும் ஆசீர்வதித்தேன்.

மாட்டு டாக்டருக்கு விஷயம் தெரிந்தபோது மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஸ்டோர்காரரே, நான் டம்ளர்ல போட்டது அரை நிமிஷம். நீங்க வருஷக் கணக்கா வேக வச்சிருக்கீங்களே!"

கிறிஸ்துமஸுக்குக் கன்னிவாடி போனோம். மதினி வழக்கம்போல வாசலிலேயே நின்றாள். "என்ன டீச்சரு, இந்த வருஷமாச்சும்..." என்று ஆரம்பித்தாள். என் மனைவி பையோடு உள்ளே போகத் திரும்பினாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"கொறை அவகிட்ட இல்ல மதினி. என்கிட்டத்தான். டாக்டரே சொல்லிட்டாரு. நான்தான் கணப்புல வச்சு அவிச்சுட்டேன்."

"அய்யய்யோ! ஏன் கொழுந்தனாரே, ஆம்பளை இதெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவாகளா?"

"சொன்னாத்தான மதினி உங்க வாய் மூடும்."

அண்ணன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். மதினி முழுக்கதையையும் கேட்டாள்; இட்லி என்ற இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த விடுமுறையில் என் மனைவி சமையலறையில் ஒளியவில்லை. திண்டாடியது நான்தான். சாப்பாட்டில் ஒவ்வொரு வேளையும் மதினி எனக்கு மட்டும் இட்லி வைத்தாள்.

மூன்று மாதம் கழித்துச் செய்த சோதனையில் எண்ணிக்கை சரியாகிவிட்டிருந்தது. டாக்டர் எந்த மருந்தும் எழுதவில்லை. அந்த மஞ்சள் ஜட்டியைப் பிரித்து, நூலைத் துவைத்துக் காயவைத்து, சில மாதம் கழித்து என் மனைவி மறுபடியும் டீச்சர்கள் அறையில் உட்கார்ந்து பின்னினாள். இந்தத் தடவை யாரும் கட்டிப் பிடிக்கவில்லை. ஒரு டீச்சர் மட்டும், "வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல டீச்சர்," என்றாளாம்.

அடுத்த சித்திரையில், மதுரை வெயிலில், எங்களுக்குப் பெண் பிறந்தாள்.